நிற்க மட்டும் இடம்

செங்காட்டுவலசிலிருந்து சந்தைப்பாளையம் போகிற பதினாலாம் நம்பர் டவுன் பஸ்ஸில், ஒரு வைகாசி முகூர்த்த நாளன்று, கல்யாணத்துக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் கோழிக்கூடைகளும் சீர்த்தட்டுகளும் ஒரே நேரத்தில் முண்டியடித்து ஏறியபோது, கண்டக்டர் சென்னியப்பன் எல்லாக் கண்டக்டர்களும் எல்லா நாளும் சொல்லுகிற அந்தப் பொய்யைச் சொன்னார்.

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் சும்மா கெடக்குது."

போனோம். இடம் சும்மாதான் கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தால் இன்னோர் எட்டுக்கு இடம் இருந்தது, கோழிக்கூடைக்காரர் நகர்ந்தால் சீர்த்தட்டுக்காரி நகர்ந்தாள், அவள் நகர்ந்தால் பின்னால் நின்ற கல்யாண வீடே நகர்ந்தது, யார் காலையும் யாரும் மிதிக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷனைப் புளுகன் என்று வைதுவிட்டோமே என்று இரண்டொருவர் சங்கடப்பட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப்பில் நின்ற கூட்டமும் ஏறியது, அதற்கடுத்த ஸ்டாப்பிலும் ஏறியது, பஸ் நிறையவில்லை. சந்தைப்பாளையம் வந்து சேர்ந்தபோது நடுவில் நின்றவர்கள் இறங்குவதற்காக வாசலைப் பார்த்து நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள், அதற்குள் திரும்புகால் ட்ரிப்புக்கு ஆள் ஏறி எதிரே வந்துவிட்டது. எதிரே வந்தவர்கள் சொந்தக்காரர்களாகவும் இருந்ததால் நின்று நலம் விசாரித்தார்கள். அப்படியே இருந்துவிட்டார்கள்.

டெப்போவிலிருந்து ஆள் வராமல் இல்லை. வெளியே டேப் பிடித்து அளந்தார்கள், பஸ் எப்போதும் இருக்கிற நீளம்தான் இருந்தது. உள்ளே அளக்கப் போனபோது டேப் தீர்ந்துபோனது. டேப் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அப்புறம் வரவில்லை. டீசல் அதே டீசல்தான் பிடித்தது, டிரைவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை, அவர்கள் பார்த்ததெல்லாம் ரோட்டைத்தான். பின்பக்கத்தில், பஸ்ஸுக்கு வெளியே, சிவப்பு முக்கோணம் போட்டு அதன் கீழே சின்னக் குடும்பத்தைப் பற்றி ஒரு வாசகம் எழுதியிருந்ததாம். பின்னால் சைக்கிளில் வந்தவர்கள் அதைப் படித்துக்கொண்டே வந்திருப்பார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

இப்படியாக நாங்கள் பஸ்ஸிலேயே குடித்தனம் பண்ணினோம். எதற்கும் பழகிக்கொள்கிற சனம் நாங்கள். கம்பிக்குக் கம்பி தூளி கட்டினோம், கம்பியைப் பிடித்தபடியே பெண் பார்த்தோம், பரிசம் போட்டோம், டிரைவர் பிரேக் போடுகிற நேரம் பார்த்துத் தாலி கட்டினோம். ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது எதுவும் விளங்காது. வளர்ந்தது நிற்கிற இடம் மட்டும்தான், குந்தப் பார்த்தால் முட்டி மடக்க இடம் இருக்காது. சீட்டு வளரவில்லை. ஜன்னல் வளரவில்லை. பழைய சீட்டுகள் பழைய ஜன்னல்களை ஒட்டி அப்படியே இருந்தன, ஆனால் ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் நடுவே ஓர் ஊரே வரிசையாக நிற்கிற நீளத்துக்குத் தகரச் சுவர் வந்துவிட்டது, அந்த நீளத்துக்கு ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் பஸ் மேடேறினால் மங்கும். படிக்கட்டில் ஏற்றுகிற தண்ணீர்க் குடம் கைமாறிக் கைமாறி உள்ளே வரும்போது ஆளுக்கு ஒரு மடக்குதான் குடிப்பார்கள், யாரும் பேராசைப்படவில்லை, ஆனாலும் நடுவுக்கு வந்து சேரும்போது குடத்தின் அடியில் ஒரு மடக்குதான் மிச்சமிருக்கும். அதையும் யாராவது ஒரு மாசமான பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம். நாங்கள் கெட்டவர்கள் இல்லை.

ஜன்னல் சீட்டுகள் முதல் நாளே போய்விட்டன. எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது வழக்கம், துண்டு விழுந்த சீட்டில் துண்டுக்காரர்தான் உட்கார வேண்டும், அதில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் அது திருட்டை விடக் கேவலம். பெற்ற தகப்பனுக்கே இடம் தராதவன்கூட அடுத்தவன் துண்டைத் தொடமாட்டான். ஆகவே ஜன்னலோரம் துண்டுக்காரர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் என்று ஆனது. மிச்சமிருந்த சீட்டுகள், அதாவது ஜன்னலோரத்துக்கு அடுத்த சீட்டுகள், கைக்குழந்தைக்காரிகளுக்கு என்று ஆயின. அதுவும் பழைய நல்ல பழக்கம்தான். கையில் பிள்ளையோடு ஒருத்தி வந்தால் எழுந்து இடம் கொடுக்காதவன் மனுஷனா? எதுவரைக்கும் உட்காரலாம் என்று ஒரு தகராறு வந்தபோது சென்னியப்பன் தீர்த்து வைத்தார். பிள்ளை நடக்கிற வரைக்கும் அம்மா உட்காரலாம், பிள்ளை காலூன்றி நடந்துவிட்டால் அம்மா எழுந்து அடுத்தவளுக்கு விட்டுவிட வேண்டும். நியாயமான தீர்ப்பு. யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள்.

அந்த நியாயத்தால்தான் நாங்கள் பெருகினோம். பிறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற ஒருத்திக்கு, கால் வீங்கி, கெண்டைச் சதையில் நரம்பு முடிச்சுப் போட்டு, நின்றபடியே தூங்கி நின்றபடியே முழிக்கிற ஒருத்திக்கு, உட்காருவதற்கு ஒரே வழிதான் இருந்தது. அவள் பெற்றாள். பிள்ளை நடக்கத் தொடங்கும்போது எழ வேண்டும் என்பதால், அது நடப்பதற்குள் இன்னொன்று பெற்றாள். பெற்ற பிள்ளைகள் நின்றன, நின்று வளர்ந்தன, நின்று சலித்தன, ஒரு நாள் அவையும் உட்கார ஆசைப்பட்டன. சென்னியப்பன் வாசலில் நின்று இடம் சும்மா கிடக்குது என்று கூவிக்கொண்டே இருந்தார், அது ஒரு நாளும் பொய்யாகவில்லை. அதுதான் வினையே.

ரங்காத்தா ஒன்பது பெற்றாள். சீட்டில் அவளைப் போல் நிலைத்து உட்கார்ந்தவள் எங்கள் பக்கம் யாருமில்லை. ஒரு தடவை குடம் காலியாகவே வந்து சேர்ந்தபோது ஆம்பளைகள் எல்லாம் கூடிப் பேசி, பொம்பளைகள் பெறுவதைக் கொஞ்சம் நிறுத்தினால் தேவலை என்று முடிவு பண்ணி, அதைச் சொல்ல ரங்காத்தாவிடம் வந்தார்கள். அவள் ஏழாவதுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

"உக்காரறதுக்கு வேற வழி ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கே நிறுத்திக்கறேன்" என்றாள்.

ஆம்பளைகள் கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள். கூட்டம் வெற்றிகரமாக நடந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் வெளியே யாரும் பேசமாட்டார்கள். அடுத்தது தரிக்கத் தாமதமானால், மடியிலிருக்கிற பிள்ளை எழப் பார்க்கும்போது, அம்மாக்கள் அதன் முழங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அடிக்கமாட்டார்கள், கொஞ்சிக்கொண்டே பிடிப்பார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே பிடிப்பார்கள். எங்கள் பஸ்ஸில் மூன்று வயதுவரை நடக்காத பிள்ளைகள் நிறைய. நன்றாகப் பேசும், பஸ் எந்த வளைவில் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும், நடக்காது. ரங்காத்தாவின் ஆறாவது மகள் துளசிமணி அப்படி வளர்ந்தவள்தான். பெரியவளானபிறகும் அவள் நடை கொஞ்சம் விந்தலாகத்தான் இருந்தது.

துளசிமணிக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மயில்சாமி நல்ல பையன், வாய் அதிகம் இல்லாதவன், தன் பங்குத் தண்ணீரை அவளுக்கு விட்டுக்கொடுப்பான். அவள் முதலிலேயே அவனிடம் சொல்லிவிட்டாளாம், ஒரே பிள்ளைதான், அது எழுந்தால் நானும் எழுந்துகொள்வேன் என்று. அவன் சரி என்றான். கால் வலி வருகிறவரைக்கும் எல்லாரும் சொல்லுகிற பேச்சுத்தானே என்று நினைத்திருப்பான். பஸ்ஸின் நட்டநடுவில், பல்பு வெளிச்சம்கூட எட்டாத இடத்தில், அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். சுற்றி நின்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு வட்டமாக நின்று மறைப்புக் கட்டினார்கள். பிள்ளையின் காதில் பேரைச் சொன்னார்கள், கதிர்வேல் என்று.

அவளுக்கு முறைப்படி ஒரு சீட்டு காலியானது, ரொம்பத் தூரத்தில். பிள்ளையைக் கொடம்மா, கைமாற்றி அனுப்பிவிடுகிறோம், நீ மெதுவாக வா என்று சொன்னார்கள். எங்கள் பஸ்ஸில் சில்லறையும் டிக்கெட்டும் பிள்ளைகளும் அப்படித்தான் போகும், ஒன்றும் தொலைந்ததில்லை. துளசிமணி கொடுக்கவில்லை. கைமாறி வந்த தண்ணீரைத்தான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாளே. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விந்தி விந்தி, அவளே நடந்தாள். பின்னாலேயே ரங்காத்தா வந்தாள். அவளுக்குப் பேறு நின்று சீட்டுப் போய் நாளாகிவிட்டது, கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கியிருந்தன, மகளுக்குச் சீட்டுக் கிடைத்தால் அவள் காலடியில் குந்திக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

போய் உட்கார்ந்த பிறகுதான், அங்கிருந்த பல்பில், பிள்ளை மஞ்சளாக இருப்பதை அவள் பார்த்தாள். கண் மஞ்சள், நகம் மஞ்சள், உள்ளங்கால் மஞ்சள். பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தது. அந்தப் பக்கம் நின்ற ஒரு நர்சம்மா எட்டிப் பார்த்து, மூக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, வெயில் காட்ட வேண்டும், காலை வெயில், தினமும் காட்ட வேண்டும், விட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்றார். எங்கே காட்டுவது என்று அவரும் சொல்லவில்லை. அதே மாதிரி மஞ்சளாகிப் போன பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு. கைமாற்றி வாசலுக்கு அனுப்பி, போகிற ஊரில் அடக்கம் பண்ணச் சொல்லிவிடுவோம்.

துளசிமணி தலையைத் திருப்பினாள். அவளுக்கு அடுத்தாற்போலவே ஜன்னல் சீட்டு இருந்தது. அதில் ஆள் இல்லை. பச்சைக் கரை போட்ட ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. துண்டு வெளுத்துவிடக் கூடாது என்று ஷட்டரை இறக்கி விட்டிருந்தார்கள்.

அது வெல்ல மண்டித் தரகர் நாட்ராயன் போட்ட துண்டு. அந்த வைகாசி முகூர்த்தத்தன்று வெளியே நின்று ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு, பக்கத்துச் சீட்டுக்காரரிடம், பார்த்துக்கங்க, ஒரு டீ குடிச்சிட்டு ஓடியாந்தர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். பஸ் எடுத்துவிட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் சாகிறவரை பார்த்துக்கொண்டார், சாகும்போது மகன் பொன்னுச்சாமியிடம் ஒப்படைத்தார். பொன்னுச்சாமி அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில், கம்பியில் கை தேய்ந்துபோகிற அளவுக்கு, நின்றான். ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. இடுப்பு பிய்ந்துபோகிற நாளில்கூட உட்கார்ந்ததில்லை. வாக்குத் தவறாத மனுஷன் என்று அவனைச் சுட்டிக்காட்டித்தான் நாங்கள் பிள்ளை வளர்த்தோம்.

துளசிமணி அவனிடம் சித்தெ துண்டை எடுத்துக்கங்கண்ணா என்று கேட்டாள்.

"ஆள் வருதுங்க அம்மிணி" என்றான் பொன்னுச்சாமி.

"எங்கிருந்துங்கண்ணா வருது?"

"டீ குடிக்கப் போயிருக்கறாருங்க."

அவன் கேலி பேசவில்லை. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். சுற்றி நின்றவர்களும் அவனுக்குத்தான் பேசினார்கள். துண்டு போட்ட இடத்தில் இன்று ஒருத்தி உட்கார்ந்தால் நாளைக்கு எவன் துண்டுக்கு என்ன மரியாதை, பிள்ளை மேல் எங்களுக்கும் பாசம்தான், ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே என்றார்கள். பிள்ளை போனால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றும் ஒருத்தர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். இடம்தான் சும்மா கிடக்கிறதே.

அதைக் கேட்டதும் துளசிமணி பிள்ளையைக் காலடியில் குந்தியிருந்த ரங்காத்தாவின் மடியில் வைத்தாள். எழுந்தாள், துண்டை எடுத்தாள், உதறினாள். இத்தனை வருஷத் தூசி எழும்பி எங்கள் எல்லார் கண்ணிலும் விழுந்தது. தூசி அடங்கியபோது அவள் ஷட்டரைத் தூக்கி விட்டிருந்தாள், பிள்ளை ஜன்னலோரத்தில் அவள் மடியில் கிடந்தது, உடுப்பெல்லாம் அவிழ்த்து, அதே துண்டின் மேல், அம்மணமாக. வெயில் அதன் வயிற்றில் விழுந்தது. உள்ளே நின்றவர்களில் பாதிப்பேர் வெயிலை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள், கண் கூசித் திரும்பிக்கொண்டார்கள். பொன்னுச்சாமி என்ன செய்யப் போகிறானோ என்று பார்த்தோம். அவன் முகத்தை வழிப்பாதைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் பாக்கலீங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் கேட்காமல், அவளுக்குப் பக்கத்தில் காலியான சீட்டின் நுனியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அழுதான். உட்கார்ந்தால் இப்படி இருக்கும் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அழுதான்.

பிள்ளை பிழைத்தது. மஞ்சள் முகத்திலிருந்து இறங்கி, வயிற்றிலிருந்து இறங்கி, உள்ளங்கால் வழியாக எங்கேயோ போய்விட்டது. கதிர்வேல் பால் குடித்தான், கொழுத்தான், ஜன்னல் கம்பியைக் கடித்தான். துளசிமணியைச் சும்மா விட்டார்களா என்று கேட்பீர்கள். திட்டினார்கள், கொஞ்ச நாள் தண்ணீர்க்குடம் அவளைத் தாண்டிப் போனது, அப்புறம் பழகிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு படி மேலே போய், அவள் கெட்டிக்காரி, ஜன்னலையே பிடித்துவிட்டாள் என்று மெச்சவும் செய்தார்கள். ஜன்னலுக்கும் அதே சட்டம்தான் என்று சென்னியப்பன் வாசலிலிருந்து சொல்லி அனுப்பினார். பிள்ளை நடக்கிற வரைக்கும்.

ஆகவே கதிர்வேல் கவிழ்ந்து, தவழ்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டி மடக்கி எழப் பார்க்கத் தொடங்கியபோது, எல்லாரும் துளசிமணியின் வயிற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்தது எப்போது என்று நேராகவே கேட்டார்கள். இந்த ஜன்னலை விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று கிடைக்காது என்றார்கள், அது உண்மைதான். மயில்சாமிகூட ஒரு நாள் வந்து, கம்பியைப் பிடித்தபடி, அவளைப் பார்க்காமல் வெளியே ஓடுகிற சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு, ஒண்ணுக்கு ஒண்ணு துணையா இருக்கும் என்று இழுத்தான். அவனுக்கும் சோளக்காடு பிடித்துப்போயிருந்தது. அவனைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

துளசிமணிக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னல் வழியாக முகத்தில் காற்று அடிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எழ வேண்டும் என்று நினைத்தாலே அவள் கால் வலித்தது. எழுந்தால் தன்னோடு அம்மாவும் எழ வேண்டும், அந்த உரல் கால்களோடு எழ வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதே இருட்டுக்குள், அதே கூட்டத்துக்குள், பிள்ளையை நடத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பயந்தாள். பயம் என்று வாய்விட்டே சொன்னாள்.

ஒரு காலை நேரம், பஸ் ஓடைப் பாலம் தாண்டி மேடேறுகிற இடத்தில், கதிர்வேல் அவள் மடியிலிருந்து சறுக்கி இறங்கி, சீட்டைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றான். காலடியில் குந்தியிருந்த ரங்காத்தா, ஏதோ ஒரு பாட்டை முனகியபடி, இரண்டு கையாலும் அவன் முழங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். அவன் திமிறினான். சிரித்துக்கொண்டே திமிறினான், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். துளசிமணி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"புடிக்காதீங்கம்மா" என்றாள்.

ரங்காத்தா நிமிர்ந்து பார்த்தாள். பிடி விடவில்லை.

"நான் எங்க கண்ணு புடிக்கறேன். என்ற கை அதும்பாட்டுக்குப் போகுது" என்றாள். அப்புறம் குரல் இறங்கிக் கேட்டாள், "உன்றதையும் இப்படித்தான் புடிச்சிருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்கம்மா" என்றாள் துளசிமணி. "நீங்க பாடுன பாட்டும் ஞாபகம் இருக்குதுங்க."

ஒன்பது பிள்ளைகளின் முழங்காலைப் பிடித்த கை அது, சட்டென்று எப்படி விடும்? முதலில் ரங்காத்தா ஒரு விரலை எடுத்தாள். வலது கையை எடுத்தாள். இடது கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிடிக்காமல், சும்மா தொட்டுக்கொண்டு. அப்புறம் அதையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கதிர்வேல் நின்றான். ஆடிக்கொண்டு நின்றான், பஸ் ஆட்டத்துக்கு எதிராட்டம் ஆடி, எங்கள் பிள்ளையல்லவா, விழாமல் நின்றான். ஒரு எட்டு வைத்தான். அந்த வயதில் நடக்கிற பிள்ளையை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. முன்னால் நின்றவர் காலை நகர்த்திக்கொண்டார், அவருக்கு முன்னால் நின்றவர் கூடையைத் தூக்கிக்கொண்டார், பொன்னுச்சாமி எழுந்து வழிவிட்டான், இரண்டு பொடிக்கால் போகிற அகலத்துக்கு ஒரு சந்து திறந்துகொண்டே போனது.

துளசிமணி எழுந்தாள். நாட்ராயனின் துண்டை எடுத்து, நாலாக மடித்து, பிறகு என்ன நினைத்தாளோ, ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். ஜன்னல் வழியாக உள்ளே வந்த துண்டுகளைத்தான் எங்களுக்குத் தெரியும், வெளியே போன துண்டு அது ஒன்றுதான். அது ரோட்டோரத்து வேலியில் மாட்டிக்கொண்டு ஆடுவதை ஜன்னலுக்குக் கிட்டே இருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் மகனுக்குப் பின்னால், குனிந்து, பிடிக்காமல், விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விந்தி விந்தி இருட்டுக்குள் நடந்தாள்.

சீட்டு காலியாக இருந்தது. துண்டும் இல்லாமல், ஆளும் இல்லாமல், வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்த சீட்டை நாங்கள் அதுவரைக்கும் கண்டதில்லை, அதில் எப்படி உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லை. ரங்காத்தாவைத்தான் உட்காரச் சொன்னோம். கைக்குழந்தை இல்லாமல் எப்படி உட்காருவது என்று கேட்டாள் அவள். சும்மா உட்காருங்க என்றான் பொன்னுச்சாமி. அவள் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், யாராவது எழச் சொல்வோமா என்று பார்த்தாள், பிறகு கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி, மடியில் ஒன்றும் இல்லாமல், உட்கார்ந்தாள்.